போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட்

அன்பு மகனுக்கு,

சாவியைத் தேடித்தான் இந்த ஆணிப் பக்கம் வந்திருப்பாய். சாவி தொங்க வேண்டிய இடத்தில் காகிதம் தொங்குவதைப் பார்த்ததும் உனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வரட்டும். சாவி எங்கேயும் தொலையவில்லை, என் முந்தானை முடிச்சில் பத்திரமாக இருக்கிறது. சாக்கோட்டை அரிசி மில்லில் உனக்கு இன்றுதான் முதல் லோடு, நேரமாகிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நீ என்னிடம் வந்து சாவி கேட்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற மகனுக்குக் கடிதம் எழுதுகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்கும். நீ லாரி ஓட்டுகிற உன் சிநேகிதர்களுக்கும் இதைக் காட்டு, அவர்களும் சிரித்துக்கொள்ளட்டும். சிரித்து முடித்த பிறகு யாராவது ஒருவன் எழுந்து போய்த் தன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால் அது போதும்.

கல்யாணம் முடிந்த வீட்டில் உட்கார்ந்து பேச இடம் எங்கே இருக்கிறது? கூடத்தில் உன் மாமனாரும் மாமியாரும், அடுப்படியில் உன் சித்தி, வாசலில் இன்னும் பிரிக்காத பந்தல். நீயோ உன் மாமனாரை விட்டு நகர்வதில்லை. அவரும் உன்னை விடுவதில்லை. நான் வாயைத் திறந்தால் "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து போய்விடுகிறாய். நீ அரபு நாட்டில் இருந்த வருஷங்களில் போனிலேயே பேசிப் பழகிவிட்டோம். அதனால் உன் முகத்துக்கு நேரே முக்கியமான ஒன்றைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாரும் மத்தியானச் சாப்பாடு முடித்துச் சாய்ந்திருக்கிற இந்த நேரத்தில், மிச்சமான கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பு. கல்யாண வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தைதான். ஆனால் உள்ளது அதுதான்.

அந்தப் பழைய டிரெய்லரை நீ வாங்கிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பக்கத்துப் பொட்டலில் நிறுத்திய அன்று நான் உன்னைத் திட்டினேன். முன்வண்டிக்குக் கதவு சரியாக மூடவில்லை, பின்னால் இழுக்கிற டிரெய்லரில் ஒரு விளக்கு இருந்தது, ஒரு விளக்கு இருந்த இடம் இருந்தது. உள்ளே வயரா அது? முன்பு ஓட்டிய ஒவ்வொருவனும் தனக்குத் தோன்றியபடி ஒரு வயரை இழுத்திருந்தான். பாட்டுப் பெட்டிக்கு ஒன்று, பல நிறத்தில் மினுக்குகிற விளக்குக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் ஒன்று. எலி கடித்தது பாதி, டேப் சுற்றியது பாதி. நீ அத்தனையையும் பிடுங்கிப் பொட்டலில் போட்டுவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தாய். தினமும் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலையை முடித்துவிட்டு வந்து, காபி கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கவனித்திருக்க மாட்டாய். பாராட்டினால் கண்பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன், நீ செய்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பல்புக்கு மின்சாரம் போனால் மட்டும் போதாது, அது பேட்டரிக்குத் திரும்பி வரவும் வேண்டும், லாரியில் அது திரும்பி வருகிற பாதை வண்டியின் இரும்புச் சட்டம்தான் என்று உன் அப்பா தன் லாரி வயரிங் கடையில் வாடிக்கைக்காரர்களிடம் ஓயாமல் சொல்லுவார். அந்தச் சட்டத்தில் வயரைக் கட்டுகிற இடத்துக்குத்தான் எர்த் என்று பெயர். நீ அந்த இடங்களை அவரைப் போலவே தேடினாய். ஆட்டம் கொடுக்கிற மெல்லிய தகட்டில் எதையும் கட்டவில்லை. டீசல் டேங்கைத் தாங்கும் போல்ட்டில் வயரைச் செருகவில்லை. எஞ்சினும் கேபினும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று இரண்டுக்கும் தனித்தனியாகப் பட்டை வயர் போட்டாய். டிரெய்லர் வந்து உட்காருகிற தட்டில் ஒரே கிரீஸ், அதன் வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பினால் மேட்டில் ஒரு மாதிரியும் பள்ளத்தில் ஒரு மாதிரியும் விளக்கு எரியும் என்று பிளக் வழியாகவே தடித்த வயரைக் கொண்டுபோனாய். சட்டத்தில் ஏற்கெனவே இருந்த துளைகளைத் தேர்ந்தெடுத்து, அரத்தால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முடுக்கினாய். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினாய். நான் உள்ளே போய் உன் அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நான் சமையல்காரி, எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று மலர் என்னிடம் கேட்டாள். உன் மனைவிக்கு நான் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் உன் அப்பாவும் நானும் பேசிக்கொண்ட பேச்சு பெரும்பாலும் ஒரு லாரியின் நீளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசியதுதான். கடையில் ஆள் இல்லை. அவர் கேபினில் ஏறிப் பிரேக்கை மிதிப்பார், நான் பின்னால் நின்று பார்ப்பேன். "ஏத்தா, எரியுதா?" என்பார். "எரியுது" என்பேன். "ரெண்டும் ஒரே மாதிரி எரியுதா?" என்பார். "வலது கொஞ்சம் மங்கலுங்க" என்பேன். அப்புறம் இண்டிகேட்டர், அப்புறம் ரிவர்ஸ். ஓட்டுகிறவனுக்குத் தன் வண்டியின் பின்விளக்கு ஒருநாளும் தெரியாது, யாராவது ஒருவர் பின்னால் நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லுகிற வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். எனக்கு அப்போது வயது குறைவு. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே பார்க்காமல் "எரியுது" என்றேன். இறங்கி வந்து பார்த்துவிட்டு அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டைக் கூடத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவு ரோஷம்.

ஆயுத பூசை வந்தால் எங்களுக்கு வேறு ஒரு கூத்து. பூசைக்கு முந்தைய வாரம் முழுக்க ஊரில் இருக்கிற லாரியெல்லாம் பெயிண்ட் அடிக்கப் போகும். பூசை முடிந்த மறுநாள் வாழைக்கன்றும் மாலையுமாக அதே லாரிகள் நம் கடை வாசலில் வரிசை கட்டும். ஒன்றில் ஹாரன் அடித்தால் முன்விளக்கு மங்கும். ஒன்றில் இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து கண் சிமிட்டும். காரணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். சோம்பேறிப் பெயிண்டர் எர்த் போல்ட்டின் மேலேயே அடித்துவிட்டுப் போய்விடுவான், அதனால் கெடுதல் இல்லை, அடியில் இரும்பும் இரும்பும் ஒட்டியபடியே இருக்கும். நல்ல பெயிண்டர் வயரில் பெயிண்ட் படக்கூடாது என்று போல்ட்டைக் கழற்றி, வயரை ஒதுக்கி, சட்டம் முழுக்க அழகாக அடித்து, காய்ந்ததும் திரும்ப மாட்டி முடுக்கிவிடுவான். இரும்புக்கும் வயருக்கும் நடுவில் பெயிண்ட் உட்கார்ந்துகொள்ளும். "சாமி கும்புட்டாச்சு, வெளக்கணைஞ்சாச்சு" என்று உன் அப்பா சிரித்துக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிச் சுரண்டுவார்.

உன் மாமனார் நல்ல பெயிண்டர். இந்த வட்டாரத்தில் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். கல்யாணச் சீராக என்ன செய்வது என்று அவர் கேட்டபோது நாம் ஒன்றும் வேண்டாம் என்றோம். அந்த மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. "மாப்பிள்ள வண்டிக்கு நான் பெயிண்டு அடிச்சுத் தாரேன் தங்கச்சி, அதையாச்சும் வேணாம்னு சொல்லாதீக" என்று என்னிடம் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு முந்தைய நாள் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்கே கண் கூசியது. அடிச்சட்டம் வரைக்கும் சிவப்பு, அதன்மேல் மஞ்சள் கோடு, பின்னால் இரண்டு மயில். "ஒரு வயர்லகூட ஒரு சொட்டுப் படல தங்கச்சி, எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுத்தான் அடிச்சேன்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது என் கண் நேராகப் பின்விளக்குப் பக்கம் போனது. நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். உனக்கும் அது உறைத்திருக்கும் என்று நினைத்தேன். ராத்திரி மெதுவாகச் சொன்னபோது, "மீட்டர் வச்சுப் பாத்துட்டேம்மா, பீப் அடிக்குது. மாமா ஆசையா அடிச்சது, இப்பப் போயிச் சுரண்டுனா என்ன நெனப்பாரு" என்றாய். நானும் சரி என்றுவிட்டேன். மறுநாள் தாலி கட்டப் போகிற பிள்ளையிடம் வேறென்ன சொல்வது?

கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் கடைசியாக உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டி, "யாரும்மா அது?" என்று கேட்டாய். காதோரம் நரைத்த, குனிந்தபடியே சாப்பிட்ட ஆள். "அப்பாவுக்குத் தெரிஞ்சவரு" என்றேன். அவர் சாக்கோட்டை மில்லில் காவல்காரர். இன்று நீ ஏற்றப் போகிற லோடு எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்கவில்லை. முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கை கழுவிவிட்டு அவர் என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை, மண்டப வாசலில் பூச்சரம் போட்டு நிறுத்தியிருந்த உன் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கேயே ரொம்ப நேரம் நின்றார். நான் போனதும், "பெயிண்டு புதுசாம்மா?" என்று மட்டும் கேட்டார். குனிந்து பின்விளக்குக் கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அதே நினைப்புத்தான்.

அதனால்தான் இன்று காலையில், நீ உன் மாமனாரோடு குளிக்கப் போன நேரத்தில், மலரைக் கூப்பிட்டேன். "மலரு, கேபின்ல ஏறி உக்காருத்தா, நான் சொல்றத மட்டும் போடு" என்றேன். மருதாணிக் கையோடு அந்தப் பிள்ளை சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தது. முதலில் பார்க்கிங் விளக்கைப் போடச் சொன்னேன். இரண்டும் நன்றாக எரிந்தன. இண்டிகேட்டரைப் போடச் சொன்னேன். துடித்தது. "பிரேக்க மிதிக்கவா அத்தை?" என்றாள். மிதித்தாள். இடதுபக்க விளக்கு பிரகாசமாவதற்குப் பதில் அப்படியே உள்ளுக்குள் அடங்கிப் போனது, இண்டிகேட்டர் துடிக்கத் துடிக்கக் கூடவே அதுவும் அடங்கி அடங்கித் தெரிந்தது. அவள் காலை எடுத்ததும் பழையபடி நன்றாக எரிந்தது. உன் மீட்டர் சொன்னது பொய்யில்லை. மீட்டருக்கு ஒரு நூல் அளவு தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், பீப் அடித்துவிடும். போல்ட்டின் மறையில் எங்கோ ஒரு ஓரம் இரும்பு தொட்டுக்கொண்டிருக்கிறது. எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்து, அத்தனை மின்சாரமும் அந்த ஓரம் வழியாகத் திரும்ப வேண்டும் என்றால்தான் அது தாங்காது.

அந்த நேரம் பார்த்து நீயும் உன் மாமனாரும் ஈரத்துண்டோடு வந்தீர்கள். மலர் கேபினில் இருந்து தலையை நீட்டி, "எரியுதா அத்தை?" என்றாள். உன் மாமனார் தான் வரைந்த மயிலைப் பார்த்தபடி நின்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் "எரியுது" என்றேன். நாலு பேருக்கு முன்னால், தாலிக் கயிற்றில் மஞ்சள்கூடக் காயாத பிள்ளையிடம், அவள் அப்பா அடித்த பெயிண்டால் விளக்கு அணைகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தி மனசு நோகக்கூடாது என்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். நீ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாய். நீ என்னை நம்பினாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் நம்பித்தான் பழக்கம்.

இனி நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும். பக்கத்து ஊரான கல்லலில் ஒரு வண்டியின் வேலையை முடித்துவிட்டு, பொழுது சாய்ந்த மசங்கல் நேரத்தில் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார், முன்னால் போன டிரெய்லரில் மோதினார். நீ அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். டிரெய்லர்காரன் விளக்கில்லாமல் ஓட்டினான் என்று ஊரில் பேசினார்கள், நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வளர்ந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அந்த டிரைவர் நம் வீட்டுக்கு வந்தார். உன்னை உன் சித்தி கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றார். "நான் விளக்கில்லாம ஓட்டலம்மா. கெளம்பும்போது எறங்கிப் பாத்தேன், எரிஞ்சுச்சு. என் புள்ள மேல சத்தியமா எரிஞ்சுச்சு" என்றார். "நேத்து ஒராளப் பின்னாடி நிப்பாட்டிட்டு நானே ஒக்காந்து மிதிச்சுப் பாத்தேன். பிரேக்க மிதிச்சா மொத்தமா அணைஞ்சு போகுதும்மா. காலை எடுத்தா எரியுது. ஆடு குறுக்க வந்துச்சுன்னு மிதிச்சேன். அப்பத்தான் அணைஞ்சுருக்கும். எனக்குத் தெரியாதும்மா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். போலீஸ் கேட்காததை, யாருமே கேட்காததை, அந்த ஆள் தானாக வந்து சொன்னார்.

எனக்கு அப்போது எங்கிருந்து அந்தக் கேள்வி வந்தது என்று தெரியவில்லை. "வண்டிக்குப் பெயிண்டு அடிச்சீகளா?" என்று கேட்டேன். "ஆமாம்மா, பூசைக்கு அடிச்சது. அன்னைக்குத்தான் மொத லோடு" என்றார். அடுத்த நாள் காலையில் கடைக்கு வந்திருந்தால் உன் அப்பா சிரித்துக்கொண்டே சுரண்டிக் கொடுத்திருப்பார். அவர் அந்த வண்டியின் பின்னால் வந்திருக்கிறார், அதன் விளக்கு மினுக்குகிற விதத்தைப் பார்த்து எர்த் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா, டிரைவரிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக நெருங்கிப் போனாரா என்று நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த டிரைவர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எங்கெங்கோ கூலிக்குப் போய், கடைசியில் மில் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். நான் வீட்டுக்கு அரிசி வாங்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். எந்த லாரி வெளியே கிளம்பினாலும் அவர் எழுந்து பின்னால் போய் நின்று பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்ப்பார். பையன்கள் அவரைக் கேலி செய்வார்கள். அவருக்கு உறக்கம் பிடிப்பதில்லை என்று அவர் வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று நீ கேட்பாய். இருந்தது. அவர் அப்படி எழுந்து எழுந்து போவதைப் பார்த்துப் பார்த்து அது எப்படியோ போய்விட்டது. அவர்தான் உன் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் குனிந்து உட்கார்ந்திருந்தவர். நான் போய் அழைத்தேன், அதனால் வந்தார்.

உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் நான் பயப்படுகிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உன் மாமியார்கூட நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பனப் போல ஆயிருமோன்னு பயந்துக்கிட்டே இருக்காதீக" என்றாள். அந்தப் பயமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை உலுக்குகிற பயம் வேறு. நீ உன் அப்பாவைப் போல ஆகிவிடுவாயோ என்பதைவிட, நீ அந்த டிரைவரைப் போல ஆகிவிடுவாயோ என்பதுதான் அது. அவர் கெட்டவர் இல்லை, குடித்துவிட்டு ஓட்டவில்லை, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நின்று, எரிஞ்சுச்சும்மா, பாத்துட்டுத்தான் கெளம்புனேன் என்று நீ சொல்லுகிற நாள் எனக்கு வேண்டாம். எங்க அம்மாதான் எரியுதுன்னு சொன்னாங்க என்று அதோடு நீ சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே இப்போது வண்டிக்குப் போ. டிரெய்லரின் கடைசியில், பின்விளக்குப் பெட்டிகளுக்கு உள்பக்கம், நீ தேர்ந்தெடுத்த இரண்டு எர்த் போல்ட்டையும் கழற்று. நீ வயர் கட்டிய வேறு எந்த இடத்தையும் விடாதே, பேட்டரியின் வயர் சட்டத்தில் ஏறுகிற இடத்தில் இருந்து ஆரம்பி. வயர் முனை உட்காருகிற அளவுக்கு மட்டும் பெயிண்டைச் சுரண்டு, முன்பு செய்தாயே, அதே மாதிரி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவு, வேண்டுமானால் அதன்மேல் பெயிண்டும் அடித்துக்கொள். அப்புறம் மீட்டரின் பீப்பை நம்பாதே. எல்லா விளக்கையும் எரியவிட்டு, ஒருத்தரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் பின்விளக்கின் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்று பார். முள் கிட்டத்தட்ட அசையவே கூடாது என்பார் உன் அப்பா. உன்னுடையது எண் காட்டுகிற மீட்டர், பூஜ்யத்தை ஒட்டியே இருக்கட்டும்.

உன் மாமனாரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ இதைப் படிக்கிற நேரத்தில் அவருக்குக் காபி கொடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். அண்ணே, உங்க வேலையில குத்தம் இல்ல, நீங்க ரொம்ப நல்லா செஞ்சதுதான் பிரச்சினை என்று சொல்லப் போகிறேன். முகம் சுருங்கும். ரெண்டு நாளைக்குப் பேசமாட்டார். தாங்கிக்கொள்ளலாம். ஒருவேளை அவரே தூரிகையோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். மலரிடம் நீயே சொல், உங்க அத்தை உன்கிட்டப் பொய் சொல்லிட்டாங்க என்று உள்ளபடி சொல். அவள் உன்னோடு அந்தக் கேபினில் வருகிற நாட்கள் நிறைய இருக்கும். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல உனக்கு ஒரு ஆள் வேண்டும், அவளைப் பழக்கு. வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். உன் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று அவள் சொன்னால் முகத்தைத் தூக்காமல் கேள். உன் அப்பாவுக்கு விளக்கு விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை இருந்தது, மற்றதில் எல்லாம் நான் சொன்னால் காதில் ஏறாது. நீயாவது மாற்றிக்கொள்.

கடைசியாக ஒன்று. மில்லில் மூட்டை ஏற்றி முடித்து வாசலுக்கு வரும்போது வண்டியை நிறுத்து. அவர் எழுந்து பின்னால் போவார். நீ யாருடைய மகன் என்று அவருக்குத் தெரியும் என்பது இப்போது உனக்கும் தெரியும். அதைக் காட்டிக்கொள்ளாதே, இறங்கிப் போய்ப் பேசவும் வேண்டாம், அவரால் தாங்க முடியாது. பார்க்கிங் விளக்கைப் போடு, இண்டிகேட்டரைப் போடு, வைப்பரை ஓடவிடு, அப்புறம் பிரேக்கை நன்றாக மிதி. அவர் உடனே சொல்லமாட்டார். குனிந்து பார்ப்பார், திரும்பப் பார்ப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பார். பின்னால் நிற்கிற லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். அவர் வாயால் "எரியுது" என்று சொல்கிறவரைக்கும் நீ காலை எடுக்காதே. அவர் சொன்னால் நம்பிப் போ. இந்த ஊரில் அந்தச் சொல்லை அவரைப் போலப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது, நானும் அந்தத் தகுதியை இன்று காலையில் இழந்துவிட்டேன்.

உப்புத்தாள் இந்தக் காகிதத்துக்குப் பின்னாலேயே செருகியிருக்கிறது. உன் அப்பாவின் பெட்டியில் மிச்சமிருந்தது. தேய்த்து முடித்துவிட்டு, கையைக்கூடக் கழுவ வேண்டாம், அப்படியே வந்து கேள்.

சாவியோடு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற,
உன் அம்மா